‘நல்லா வேணும்’ என்ற மகிழ்ச்சி: கிறிஸ்தவ நம்பிக்கை இதை எப்படிப் பார்க்கிறது?

யாருக்காவது கெட்டது நடந்த செய்தி காதில் விழுந்ததும் சில சமயம் மனசுக்குள் ஒரு வார்த்தை தானாக ஓடும்: “நல்லா வேணும்.” வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். வெளியே “ஐயோ பாவம்” என்போம். ஆனால் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும். நம்மை ஏறி மிதித்து வியாபாரம் செய்தவர் கடையை மூடுகிறார். பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்லிச் சொல்லியே நம்மைக் குத்திய உறவுக்காரரின் மகன், இங்கே மலேசியாவில் பள்ளிப் படிப்பின் முக்கியத் தேர்வான எஸ்பிஎம்மில் கோட்டை விடுகிறான். அப்போது உள்ளே எழுகிற அந்தச் சின்னச் சந்தோஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேதாகமத்தை அதிகம் படித்திராதவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கட்டளை நேரடியானது. நீதிமொழிகள் 24ஆம் அதிகாரம், 17ஆம் வசனம்: “உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே, அவன் இடறும்போது உன் இருதயம் களிகூராதிருப்பதாக.” விழுகிறவன் யார் என்று பாருங்கள். நண்பன் அல்ல, சத்துரு. நமக்குக் கெடுதல் செய்தவன். அவன் விழும்போதுகூட வேண்டாம் என்கிறது வசனம். அதுவும் வாயை மட்டும் அடக்கச் சொல்லவில்லை, இருதயத்தைப் பற்றிப் பேசுகிறது.

அடுத்த வசனம் இன்னும் ஆச்சரியமானது. நீ களிகூர்ந்தால் கர்த்தர் அதைக் காண்பார், அது அவர் பார்வைக்குப் பொல்லாததாய் இருக்கும், அவனிடமிருந்து தம் கோபத்தை நீக்கிவிடுவார் என்கிறது. சிலர் இதைத் தந்திரமாகப் படிக்கிறார்கள்: “அப்படியானால் தண்டனை முழுசாக முடியும்வரை சிரிக்காமல் இருப்போம்!” அது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. விழுந்தவனைச் சுற்றி நின்று சிரிக்கிறவர்கள் சேரச் சேர, கடவுள் விழுந்தவன் பக்கம் நகர்கிறார். அவரோடு நிற்க விரும்புகிறவனும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

யோபு நூலில், எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபு தன் நீதியை எடுத்துச் சொல்லும் 31ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். அயலான் மனைவியை இச்சித்தேனா, வேலைக்காரரின் நியாயத்தை அசட்டை செய்தேனா, ஏழைக்கு இல்லை என்றேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருகிறவர், அதே வரிசையில் “என் பகைஞனுடைய ஆபத்திலே நான் மகிழ்ந்தேனோ” என்றும் கேட்கிறார். நாம் “மனுஷன்னா அப்படித்தான்” என்று தள்ளிவிடுகிற ஒன்றை அவர் அந்தப் பெரிய பாவங்களோடு சேர்த்தே வைக்கிறார்.

சரி, இந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் பொறாமையிலிருந்து. 590 முதல் 604 வரை பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார், யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில் பொறாமை பெற்றெடுக்கும் பிள்ளைகளைப் பட்டியலிட்டார். பகை, கோள்மூட்டல், அவதூறு, அயலார் துன்பத்தில் மகிழ்ச்சி, அயலார் வளத்தில் வருத்தம். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே எடுத்துச் சொல்கிறது. கடைசி இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். ஒருவர் புது வீட்டுக்குக் குடிபோனபோது நமக்கு வயிறு எரிந்திருந்தால், அந்த வீடு ஏலத்துக்கு வரும்போது வயிறு குளிரும். முதல் நாளே எரிச்சலைக் கவனித்திருந்தால் இரண்டாவது நாளின் குளிர்ச்சி வந்திருக்காது.

அதனால்தான் இது தூரத்து ஆட்கள்மேல் அதிகம் வருவதில்லை. ஏதோ ஒரு பெரும் பணக்காரர் பங்குச் சந்தையில் கோடிக்கணக்கில் இழந்தால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. நம்மோடு ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, நமக்கு முன்னால் கோலாலம்பூர் வந்து, நமக்கு முன்னால் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கினவர் விழுந்தால்தான் உள்ளே அசைகிறது. ஒரே சபையில் பக்கத்து வரிசையில் உட்காருகிறவர். ஒரே பாடகர் குழுவில் தனிப்பாட்டு கிடைத்தவர். சொந்த அண்ணன், தம்பி.

வேதாகமத்தில் இதற்காகவே எழுதப்பட்டதுபோல ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது: ஒபதியா. பழைய ஏற்பாட்டிலேயே மிகச் சிறியது, ஒரே அதிகாரம், 21 வசனங்கள். ஞாயிறு பிரசங்கங்களில் அதிகம் வராத புத்தகம். அதன் பின்னணி இது: ஏசாவும் யாக்கோபும் இரட்டையர். ஏசாவின் வம்சம் ஏதோம், யாக்கோபின் வம்சம் இஸ்ரவேல். கி.மு. 586 வாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை இடித்து, ஆலயத்தை எரித்தது. அன்றைக்கு ஏதோம் என்ன செய்தது என்பதுதான் ஒபதியாவின் குற்றச்சாட்டு.

அதை 11 முதல் 14 வரையுள்ள வசனங்களில் வரிசையாகப் படியுங்கள். முதலில் ஏதோம் ஒதுங்கி நிற்கிறது. பிறகு வேடிக்கை பார்க்கிறது. பிறகு களிகூருகிறது. பிறகு பெருமையாய்ப் பேசுகிறது. அதற்கப்புறம் சகோதரனின் வாசலுக்குள் நுழைகிறது, அவன் பொருள்மேல் கை வைக்கிறது. கடைசியில், தப்பி ஓடுகிறவர்களை மடக்க வழிச்சந்திகளில் நிற்கிறது, மிஞ்சினவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. கண்ணில் தொடங்கியது கையில் வந்து முடிகிறது. “நான் ஒன்றும் செய்யவில்லையே, பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்” என்று ஏதோம் சொல்லியிருக்கலாம். ஒபதியாவோ பார்த்த விதத்திலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்.

இந்த வரிசையை நம் ஊரில் காலை ஏழு மணிக்கு முன்பே பார்த்துவிடலாம். வட்டி முதலையிடம் கடன் வாங்கி மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம். விடியற்காலையில் கதவைத் திறந்தால், கடன் கொடுத்தவனின் ஆட்கள் மிரட்டுவதற்காக ஊற்றிப்போன சிவப்புச் சாயம் கேட் முழுக்க. தரையில், பூந்தொட்டியில், வாசலில் காய வைத்திருந்த பிள்ளையின் பள்ளிக் காலணியில் எல்லாம் தெறித்திருக்கிறது. பூட்டின்மேல் இன்னொரு சங்கிலி. அப்பா தின்னரில் துணியை நனைத்துத் தேய்க்கிறார், சாயம் போகாமல் இளஞ்சிவப்பாகப் பரவுகிறது. எதிர்வீட்டுத் திரைச்சீலை கொஞ்சம் விலகுகிறது. அது ஒதுங்கி நிற்றல். ஒரு படம் எடுக்கப்படுகிறது, தாமான் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. “யார் வீடுன்னு தெரியுதா?” கீழே வாயை மூடிய குரங்குப் படம். “ரொம்ப ஆடினாங்க இல்ல” என்று ஒருவர். மத்தியானத்துக்குள் அந்தப் பிள்ளை படிக்கும் பள்ளிவரை செய்தி போய்விடுகிறது. யாரும் அடிக்கவில்லை, திருடவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் தப்பிப் போக இருந்த ஒவ்வொரு சந்தியிலும் ஓர் ஆள் நின்றாயிற்று.

இந்த மகிழ்ச்சி நமக்கு நியாயமாகவே தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. “செஞ்சதுக்கு அனுபவிக்கிறான்” என்று நாம் போடும் கணக்குதான் அது. நடந்த துன்பத்துக்கும் அவர் செய்த தவறுக்கும் நாமே ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். இயேசுவிடமும் இந்தக் கணக்கோடு ஆட்கள் வந்தார்கள். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் அவர் ஒரு விபத்தைக் குறிப்பிடுகிறார். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்துப்போனார்கள். அந்த ஊரிலிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதில் சொல்கிறார். நீங்களும் மனந்திரும்பாவிட்டால் கெட்டுப்போவீர்கள் என்று கேட்டவர்கள் பக்கம் பேச்சைத் திருப்புகிறார்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து விழுந்து 48 பேர் இறந்தார்கள். 12 மாடிகள். பல நாள் பெய்த மழை, பின்னாலிருந்த மலைச்சரிவு, தாங்காமல் போன தடுப்புச் சுவர், சரியில்லாத வடிகால். காரணங்கள் இப்படித்தான் இருந்தன. பக்கத்திலேயே இருந்த மற்ற இரண்டு கட்டடங்களும் விழவில்லை. அதில் குடியிருந்தவர்கள் புண்ணியவான்கள், இதில் குடியிருந்தவர்கள் பாவிகள் என்று யாராவது சொல்ல முடியுமா? அந்த 48 பேர் விஷயத்தில் சொல்லக் கூசும் நாம், பக்கத்து வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் என்றால் மட்டும் “வாய்க்கு வந்த மாதிரி பேசுவார் இல்ல, அதான்” என்று சுலபமாகக் கோடு இழுத்துவிடுகிறோம். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடரைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இரண்டும் இல்லை என்றார் இயேசு.

இங்கே சபைக்குள் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சாதாரண மனிதர் “நல்லா வேணும்” என்பார். நாம் அதையே பக்தி மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறோம். “கர்த்தருடைய கரம் அவர்மேல் வந்திருக்கு.” “ஊழியக்காரரை எதிர்த்தாங்க, பாருங்க.” சபையைவிட்டுப் பிரிந்துபோன குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அது சாட்சியாகவே சொல்லப்படுகிறது, கேட்கிறவர்கள் அல்லேலூயா சொல்கிறார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துக்கத்துக்கு அல்லேலூயா! இதைவிடக் கடுமையான வார்த்தை என்னிடம் இருந்தால் பயன்படுத்தியிருப்பேன். அப்புறம் ஜெபக் குறிப்பு. “இந்தச் சகோதரிக்காக ரொம்ப பாரத்தோட ஜெபிக்கணும்” என்று தொடங்கி, அவர் கணவர் யாரோடு போனார், எந்த ஹோட்டல் என்பதுவரை விவரம் வரும். பத்து நிமிடம் விவரம், அரை நிமிடம் ஜெபம். ஒருவருக்காக ஜெபிக்க அவர் பெயர் போதும். பல சமயம் பெயர்கூட வேண்டாம்.

இனி, எது இதில் சேராது என்று பார்க்க வேண்டும். இது தெரியாவிட்டால் இந்தப் போதனையே அநியாயத்துக்கு ஆளாகிறவர்களின் வாயை அடைக்கும் கருவியாகிவிடும்.

நியாயம் நடந்ததில் மகிழ்வது வேறு. நீதிமொழிகள் 11:10, துன்மார்க்கர் அழிந்தால் பட்டணத்தில் கெம்பீரம் உண்டாகும் என்றே சொல்கிறது. துரத்திவந்த எகிப்தியப் படை மூழ்கியதும், செங்கடலைக் கடந்த இஸ்ரவேல் அடிமைகள் யாத்திராகமம் 15இல் பாடினார்கள். 1 கொரிந்தியர் 13:6 அன்பைப் பற்றி, “அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்” என்கிறது. 2022 ஆகஸ்ட் 23 அன்று மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், ஊழல் வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, அவர் காஜாங் சிறைக்குப் போனார். சட்டம் பெரிய பதவிக்கும் வளையவில்லை என்று அன்று ஒருவர் நிம்மதி அடைந்திருந்தால் அதில் பாவம் ஒன்றும் இல்லை. அவர் சிறையில் என்ன சாப்பிடுவார், எப்படித் தூங்குவார் என்று கற்பனை செய்து, அவர் வீட்டார் முகத்தைப் பார்த்துச் சிரித்து, அதிலேயே ஊறிக்கிடந்தால் அது வேறு. முதலாவது, ஊருக்கு வந்த நன்மையைப் பார்க்கிறது. இரண்டாவது, ஒரு மனிதனின் வலியையே சுவைக்கிறது.

விடுதலை மூச்சும் இதில் சேராது. தினம் அடிவாங்கின மனைவி, கணவரைப் போலீஸ் கொண்டுபோன இரவில் நிம்மதியாகத் தூங்கினால், யாரும் நீதிமொழிகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போக வேண்டாம். பயம் நீங்கினதால் வரும் தூக்கம் அது.

சங்கீதங்களில் எதிரி அழிய வேண்டும் என்ற வேண்டுதல்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். 58ஆம் சங்கீதம் படிக்கவே கடினமானது. எனக்கும் அது எளிதாக இல்லை. ஆனால் அவை ஜெபங்கள். ஒடுக்கப்பட்டவன் தன் ஆத்திரத்தைத் தெருவில் கொட்டாமல் கடவுள் முன்னால் கொட்டுகிறான், கணக்கை அவர் கையில் ஒப்படைக்கிறான். ரோமர் 12இல் பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்வதும் இதற்காகத்தான்.

இனி இதன் வேருக்கு வருவோம். பிறர் துன்பத்தில் மகிழாதே என்று நல்ல பழக்கமாகப் பலரும் சொல்வார்கள். கிறிஸ்தவம் சொல்லும் காரணம் கடவுளின் மனசைப் பற்றியது. துன்மார்க்கன் சாவதை நான் விரும்பவில்லை, அவன் திரும்பிப் பிழைப்பதையே விரும்புகிறேன் என்று எசேக்கியேல் 33:11இல் அவர் சொல்கிறார். தண்டிக்க வேண்டியவருக்கே அதில் சந்தோஷம் இல்லை என்றால், வேடிக்கை பார்க்கிறவனுக்கு எங்கிருந்து வந்தது?

நினிவேக்குப் போகச் சொன்ன கடவுளிடமிருந்து ஓடி, மீன் வயிற்றுக்குள் போன தீர்க்கதரிசி யோனாவின் கதையை எல்லாரும் மீனோடு நிறுத்திவிடுகிறோம். நான்காம் அதிகாரம்தான் முக்கியம். நினிவே இஸ்ரவேலை மிரட்டிய அசீரியரின் நகரம். அது மனந்திரும்பித் தப்பித்துக்கொண்டதும் யோனாவுக்குக் கோபம். ஊருக்கு வெளியே குடிசை போட்டு, நகரத்துக்கு என்ன ஆகும் என்று பார்க்க உட்கார்ந்துவிட்டார். ஒரு ஆமணக்குச் செடி நிழல் கொடுத்தது, மறுநாள் பட்டுப்போனது, அதற்காக வருத்தப்பட்டார். வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000 பேர் இருக்கிற இந்த நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா, அநேக மிருகங்களும் இருக்கின்றனவே என்று கடவுள் கேட்பதோடு புத்தகம் நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை.

இயேசு எருசலேமுக்குள் நுழையும்போது, தம்மைக் கொல்லப்போகும் அந்த நகரத்துக்கு வரப்போகும் அழிவை நினைத்து அழுதார் (லூக்கா 19:41). சில நாள் கழித்து அதே நகரத்துக்கு வெளியே அவர் சிலுவையில் தொங்கியபோது, வழியே போனவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு தூஷித்தார்கள், பிரதான ஆசாரியர்கள் பரியாசம் செய்தார்கள்: மற்றவர்களை ரட்சித்தான், தன்னை ரட்சித்துக்கொள்ளத் தெரியவில்லையே! ரொம்ப ஆடினவன், இப்போது பார் என்ற அதே பேச்சு. ஒவ்வொரு பெரிய வெள்ளியிலும் புடு அந்தோணியார் கோயிலோ பிரிக்பீல்ட்ஸ் மெதடிஸ்ட் சபையோ, எங்கே போய் உட்கார்ந்தாலும் நாம் வணங்குவது அப்படிச் சிரிப்புக்கு ஆளானவரைத்தான். விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் சேர்ந்துகொண்டு, அவருக்கு முன்னால் முழங்கால் போடுவது பொருந்தாது.

சரி, உள்ளே அந்தச் சந்தோஷம் வந்துவிட்டால் என்ன செய்வது? உணர்ச்சி வந்ததற்காகவே கலங்க வேண்டியதில்லை. அதற்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோமா என்பதுதான் கேள்வி. கடவுளிடம் பெயர் சொல்லியே சொல்லிவிடலாம்: “இவர் விழுந்தது எனக்கு இனிக்கிறது, இதை எடுத்துப்போடும்.” மழுப்ப வேண்டாம்.

அடுத்தது, செய்தியை நம்மோடு நிறுத்திக்கொள்வது. தன்னை வருஷக்கணக்கில் துரத்தின ராஜா சவுல் போரில் செத்தபோது தாவீது வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு அழுதார், புலம்பல் பாடினார். “காத் பட்டணத்தில் அதை அறிவியாதிருங்கள்” என்பது அந்தப் புலம்பலின் தொடக்கத்திலேயே வரும் வரி (2 சாமுவேல் 1:20). காத் எதிரிகளான பெலிஸ்தரின் ஊர். சவுலின் சாவு அங்கே கொண்டாட்டமாகிவிடும் என்று தாவீதுக்குத் தெரியும். இன்றைக்கு ஒவ்வொருவர் கையிலும் ஒரு காத் பட்டணம் இருக்கிறது. வந்த படத்தை அனுப்பாமல் அழிக்கலாம். அனுப்பினவரிடம் தனியாக, “இதை எடுத்துடுங்க அண்ணே, பிள்ளைங்க இருக்கிற வீடு” என்று ஒரு வரி எழுதலாம்.

அப்புறம், போக முடிந்தால் போவது. “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்கிறது ரோமர் 12:15. அந்தச் சிவப்புச் சாய வீட்டுக்கு இன்னொரு துணியும் ஒரு போத்தல் தின்னரும் கொண்டுபோனால் போதும், ஆறுதல் வசனம் எதுவும் தேவையில்லை. காரணம் கேட்காதீர்கள். எவ்வளவு கடன் என்றும் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

போக முடியாத உறவுகளும் உண்டு. உங்களை உண்மையிலேயே நாசமாக்கினவர் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று வேதாகமம் கட்டாயப்படுத்தவில்லை. 35ஆம் சங்கீதத்தில் தாவீது, எதிரிகள் வியாதியாய் இருந்தபோது தான் இரட்டு (துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத் துணி) உடுத்தி உபவாசம் இருந்ததாகச் சொல்கிறார். அவர்கள் வீட்டுக்குப் போனதாகச் சொல்லவில்லை. தனக்கு ஆபத்து வந்தபோது அவர்கள் சந்தோஷப்பட்டுக் கூடினார்கள் என்பதையும் அதே சங்கீதத்தில் அழுகையோடு பதிவு செய்கிறார். தூரத்திலிருந்தே ஒரு வேளை சாப்பாட்டை விட்டு, அந்த ஆள் குணமாக வேண்டும் என்று பெயர் சொல்லி ஜெபிக்கலாம். முதல் தடவை வார்த்தை தொண்டையில் சிக்கும். அப்படியே சொல்லுங்கள்.